முதல் நாக்-அவுட் ஆட்டம்: பந்து ரிங்கில் எங்கே தட்டியது?

லீக் ஆட்டங்களில் 15, 20 பாயிண்ட் போட்டுக்கொண்டிருந்த பையன் காலிறுதியில் 2 பாயிண்ட்டோடு வெளியே வருவான். சேலம் பக்கம் கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. மேட்ச் முடிந்ததும் கோர்ட்டைச் சுற்றி நிற்பவர்கள் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: "பையன் பயந்துட்டான்யா."

பயம் இருக்கும்தான். ஆனால் அவன் போட்ட பந்து ரிங்கில் எங்கே பட்டுத் திரும்பியது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பின் ரிங்கிலா, முன் ரிங்கிலா, ரிங்கையே தொடாமல் விழுந்ததா? இதை மட்டும் ஒரு அட்டையில் குறித்து வைத்திருந்தால் அன்றைக்கு நடந்ததில் பதற்றம் எவ்வளவு, கால் களைப்பு எவ்வளவு என்று ஓரளவு பிரித்தே சொல்லிவிடலாம்.

ஆட்டத் தொடக்கத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது உடம்பு வழக்கத்தைவிட முறுக்கேறி இருக்கும். கை தானாகவே கொஞ்சம் அதிகம் தள்ளும். அதனால் முதல் குவார்ட்டரில் தவறும் ஷாட்கள் பெரும்பாலும் நீளமாகப் போகும். பின் ரிங்கில் அடித்து எகிறும், இல்லையென்றால் போர்டில் இருக்கும் கட்டத்துக்கு மேலே போய்ப் படும். அதே பையன் நாலாவது குவார்ட்டரில் அதே இடத்திலிருந்து போட்டால் பந்து முன் ரிங்கில் தட்டும். நீளமாகப் போனால் பதற்றம், முன் ரிங்கில் தட்டினால் கால் களைப்பு. முன் ரிங்கில் தட்டிக்கொண்டிருப்பவனைப் பார்த்து "தைரியமாப் போடுடா" என்று கத்திப் பயனில்லை. அவன் தைரியமாகத்தான் போடுகிறான், முட்டிதான் மடங்கவில்லை. இடது வலதாக விலகினால் அது மூன்றாவது வகை. முழங்கை வெளியே போயிருக்கும், அல்லது பந்தைத் தாங்கும் கையின் கட்டைவிரல் தள்ளியிருக்கும். அதை மேட்ச் நடுவில் சரிசெய்யப் போனால் இருக்கிற ஷாட்டும் போய்விடும். பயிற்சிக்குத் தள்ளிவைக்க வேண்டிய சமாசாரம் அது.

இதற்கு உலகமறிந்த உதாரணம் அமெரிக்க வீரர் கோபி பிரயன்ட். 1997 மே மாதம், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் அவருடைய முதல் சீசனின் பிளே-ஆஃப். வயது 18. யூட்டா ஜாஸ் அணிக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் நாலாவது குவார்ட்டர் முடிகிற நேரத்தில் வெற்றிக்கான ஷாட் அவர் கைக்கு வந்தது. ஏர் பால். அதாவது பந்து ரிங்கையே தொடவில்லை. ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. அதில் மூன்று முறை மூன்று பாயிண்ட் ஷாட் போட்டார், இரண்டு கடைசி நிமிடத்தில். மூன்றும் ஏர் பால். அவருடைய லேக்கர்ஸ் அணி 93-98 என்று தோற்று வெளியேறியது. அன்று சக வீரர் ஷகீல் ஓ'நீல் ஆறு ஃபவுல் வாங்கி (இங்கே ஐந்தில் ஆள் வெளியே, அங்கே ஆறில்) வெளியே உட்கார்ந்திருந்தார், பைரன் ஸ்காட்டுக்குக் காயம், ராபர்ட் ஓரியை ரெஃப்ரி வெளியேற்றியிருந்தார். ஷாட் போட ஆள் இல்லாத நேரத்தில் பந்தைக் கேட்டு வாங்கிப் போட்டவர் அந்தப் பதினெட்டு வயதுப் பையன். பிறகு அவரே இதை விளக்கியபோது கால்களைத்தான் காரணமாகச் சொன்னார். பள்ளியில் வருடத்துக்கு 35 ஆட்டம் போல ஆடியவர், என்.பி.ஏ.வில் 82 ஆட்டத்தைத் தாண்டி அங்கே வந்து நின்றார். எல்லா ஷாட்டும் நேராகப் போயிருந்தன, நீளம்தான் பற்றவில்லை. அந்தக் கோடையில் அவர் மாற்றியது மனதை அல்ல, உடற்பயிற்சியை. ஐந்து சாம்பியன்ஷிப் எடுத்த ஆளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நம்ம ஊர்ப் பையன்களுக்கு மட்டும் உடனே வந்துவிடுகிறது.

அங்கே பிளே-ஆஃப் என்பது தொடர். இன்று தோற்றால் நாளை மறுநாள் இன்னொரு ஆட்டம். இங்கே அப்படி இல்லை. கிளப் போட்டிகள் லீக்-கம்-நாக்-அவுட்டாக நடக்கும். பள்ளிகளுக்கான பாரதியார் தினக் குழுப் போட்டிகளில் குறுவட்டத்திலிருந்தே பெரும்பாலும் நேரடி நாக்-அவுட், அதைத் தாண்டினால் மாவட்டம், பிறகு மாநிலம். முதலமைச்சர் கோப்பைக்கும் மாவட்ட அளவில் ஜெயித்தால்தான் மேலே போக முடியும். அதாவது பல பையன்களுக்கு வாழ்க்கையின் முதல் மேட்சே நாக்-அவுட் மேட்ச்தான். பழகிக்கொள்ள லீக் கிடையாது. ஆகவே தயாரிப்பு முழுக்க அந்த 40 நிமிடத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

காலைக் காப்பாற்றுவதிலிருந்து தொடங்கலாம். பெரிய மேட்சுக்கு முந்தின நாள் ஆர்வக்கோளாறில் 300 ஷாட் போடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அது பயிற்சி அல்ல, மறுநாளுக்கான கால் பலத்தை இன்றே விற்றுவிட்டு வருவது. கடைசிக் கடினமான பயிற்சி மூன்று நாளுக்கு முன்பு முடிய வேண்டும். அடுத்த நாள் 45 நிமிடம் லேசாக. முந்தின நாள் அரை மணி நேரம் போதும்: லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் எழும்பிப் போடுவது), ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்), சைடு லைன் த்ரோ-இன் (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே கொடுப்பது) இரண்டு செட், அவ்வளவுதான். முடிந்தால் மேட்ச் நடக்கும் அதே நேரத்தில், அதே கோர்ட்டில். புது ஷூவை மேட்சுக்கென்று எடுத்துவைத்துக் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரமாவது போட்டுத் திரும்பி வளைந்திருந்தால்தான் கொப்புளம் வராது. கை நகத்தை முந்தின இரவே வெட்டிவிட வேண்டும். மேட்ச் அன்று வெட்டினால் விரல் நுனி கூசும், பந்து வேறு மாதிரி உட்காரும்.

சாப்பாடு. மாலை 4 மணி ஆட்டம் என்றால் 12.30-க்குள் மதியச் சாப்பாடு முடிய வேண்டும். சாதம், ரசம், முட்டை, கொஞ்சம் தயிர். குழம்பில் எண்ணெய் மிதந்தால் வேண்டாம். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு வாழைப்பழம், அல்லது ஜவ்வரிசிக் கஞ்சி ஒரு டம்ளர். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, வயிற்றில் கனக்காமல் இறங்கும். விலை கூடிய பவுடர் டப்பாக்களைத் தேடுகிற ஊர், தன் சுற்றுவட்டாரத்திலேயே மரவள்ளியிலிருந்து ஆலை ஆலையாகத் தயாராகும் இதைக் கண்டுகொள்வதே இல்லை. மைதானத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் தட்டுவடை செட் கூப்பிடும். ஜெயித்த பிறகு சாப்பிடலாம். பூண்டுச் சட்னியும் பீட்ரூட்டும் வயிற்றில் ஓடிக்கொண்டிருக்க, எதிராளியைத் தடுக்கப் பக்கவாட்டில் நகரும் டிஃபென்ஸ் ஸ்லைடு வராது.

தண்ணீர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர். கோடையில் சேலத்தில் வெறும் தண்ணீர் பத்தாது. 1 லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சை. ஒவ்வொரு இடைவேளையிலும் நாலைந்து வாய். உப்பைக் கண்ணளவில் கொட்டினால் குமட்டும், அளந்து போட வேண்டும். நாலாவது குவார்ட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தரையில் உருளும் பையன்களில் பலர் காலையிலிருந்தே சரியாகத் தண்ணீர் குடிக்காதவர்கள்.

ஏற்காட்டில் ஆட்டம் என்றால் கணக்கு மாறும். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. வேனின் பின் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே வருகிறவன் பதினைந்தாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவான். மேட்சுக்கு இரண்டரை மணி நேரம் முன்னதாகவே மேலே போய்ச் சேர வேண்டும். வாந்தி வரும் பையனை முன்னால் உட்காரவைத்து, வயிறு முட்டச் சாப்பிடவிடாமல் கூட்டிப்போக வேண்டும். ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் பிராண வாயு சேலத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மூன்றாவது ஃபாஸ்ட் பிரேக் (பந்து கிடைத்ததும் எதிர் ரிங்குக்குப் பாயும் ஓட்டம்) முடிந்து திரும்பி ஓடும்போது தெரியும். கீழேயிருந்து போகிறவன் அதைப் பயத்தால் வரும் மூச்சிரைப்பு என்று நினைத்துக்கொள்வான், அந்த நினைப்பே அவனை உண்மையிலேயே பயமுறுத்தும். "முதல் அஞ்சு நிமிஷம் மூச்சு வாங்கும், அது மலைடா, நீ இல்ல" என்று வேனிலேயே சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆள் மாற்றுவதையும் மூன்று, நாலு நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ள வேண்டும். மலைப் பள்ளிகளிலிருந்து கீழே இறங்கி வரும் பையன்களுக்கு இதற்கு நேர் எதிர்: மூச்சு நிற்கும், வெயில் கொல்லும்.

பந்தும் மலையேறும்போது மாறும் என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலான பந்துகளில் காற்றழுத்தம் 7 முதல் 9 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கும். சேலத்து வெயிலில் 8 அடித்துக்கொண்டு போனால், மேலே சுற்றுக்காற்றின் அழுத்தம் சுமார் 2 பி.எஸ்.ஐ. குறைவாக இருப்பதால் பந்து இறுகும். குளிர் அதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். மீதி ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கூடுதல். அந்தப் பந்தைத் தட்டினால் இடுப்புக்கு மேலே எழும், ரிங்கில் பட்டால் தூரமாக எகிறும். வார்ம்-அப்புக்குக் கொண்டுபோகும் பந்துகளை மேலே போனதும் தோள் உயரத்திலிருந்து கீழே விட்டுப் பார்க்க வேண்டும். இடுப்பளவுக்கு வந்தால் சரி. கூடினால் ஊசியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு ஒரு நொடி காற்றை விட்டால் போதும். காய்ந்த ஊசியைக் குத்தினால் வால்வு கிழியும். மேட்ச் பந்து நடத்துகிறவர்களுடையது, அதில் கைவைக்க முடியாது. ஆனால் வார்ம்-அப்பில் அந்தப் பந்தை ஒரு முறை பையன் கையில் கொடுங்கள் என்று கேட்பதில் தவறில்லை.

கோர்ட்டுக்குள் நுழைந்ததும் பார்க்க வேண்டியவை சில. ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். வெளிக் கோர்ட்டுகளில் தரை பெயர்ந்து மேலே சிமென்ட் பூசியிருந்தால் ஒரு பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அணியில் உயரமான ஒருவன் கையை நீட்டி வலையைத் தொட்டுப் பார்த்தாலே இரண்டு பக்கமும் ஒன்றா என்று தெரியும். ரிங்கைப் பந்தால் தட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமான ரிங் பந்தைத் துப்பும், தளர்ந்த ரிங் விழுங்கும். வலை கிழிந்திருந்தால் தூரக் கணிப்பு கெடும், ஆகவே அந்தப் பக்கம் போர்டில் அடித்துப் போடுவது நல்லது. மரப் போர்டில் பந்து சாகும், கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் வேகமாகத் திரும்பும். மாலை வெயில் எந்த ரிங்குக்குப் பின்னால் இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும், ஆனால் வார்ம்-அப் முழுக்க ஒரே ரிங்கில்தான் நடந்திருக்கும். இடைவேளை நேரத்தில் மற்ற ரிங்கில் பத்து ஷாட்டாவது போடாமல் மூன்றாவது குவார்ட்டரைத் தொடங்குவது முட்டாள்தனம். சிமென்ட் கோர்ட்டில் மண் இருந்தால் சைடு லைனில் ஒரு ஈரத் துணி விரித்து வைத்து, உள்ளே போகும்போதெல்லாம் ஷூ அடியைத் தேய்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஏற்காட்டில் பனி இறங்கினால் துணி ஷூவுக்கு அல்ல, பந்துக்கு. இரவு ஆட்டத்தில் மழை பெய்து ஓய்ந்திருந்தால் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும், செத்த ஈசல் மீது கால் வைத்தால் எண்ணெயில் வைத்த மாதிரி. சிரிப்பாக இருக்கும், முட்டி திரும்பும் வரை.

வார்ம்-அப்பில் நடப்பது பெரும்பாலும் வேடிக்கை காட்டல். எதிர் அணி பார்க்கிறது, பெண்கள் அணி பார்க்கிறது, எல்லோரும் 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்று வீசிக்கொண்டிருப்பார்கள். முதல் நாக்-அவுட் ஆடுகிறவனுக்கு வேண்டியது வேறு. 5 நிமிடம் மெதுவோட்டமும் கால் வீச்சும். 5 நிமிடம் லே-அப், இரண்டு கையிலும். பிறகு ரிங்கிலிருந்து ஒன்றரை மீட்டரில் நின்று ஒரு கையால் 15 பந்து. பந்து ரிங்கைத் தொடாமல் உள்ளே விழுவதைக் கண் பார்க்க வேண்டும், காது கேட்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு அடியாகப் பின்னால். கடைசியாக 4 ஃப்ரீ த்ரோ. விசிலுக்கு இரண்டு நிமிடம் முன்பு முழுக் கோர்ட்டையும் இரண்டு முறை முழு வேகத்தில் ஓடி மூச்சு வாங்க வேண்டும். முதல் மூச்சுவாங்கல் ஆட்டத்துக்கு வெளியே நடந்துவிட்டால், உள்ளே வருவது இரண்டாவது. அது அவ்வளவு மிரட்டாது.

இனி முதல் ஐந்து நிமிடம். சரிவு அநேகமாக இங்கேதான். பையனுக்குப் பந்து வருகிறது. மூச்சு மேல் நெஞ்சோடு நிற்கிறது. பார்வை குறுகிவிடுகிறது, எதிரே இருப்பவனும் ரிங்கும் மட்டும்தான் தெரிகின்றன, பக்கத்தில் கை தூக்கி நிற்கும் சொந்த ஆள் தெரியவில்லை. பந்தைப் பிடித்த வேகத்தில் தரையில் ஊன்றியிருக்க வேண்டிய நிலைக்கால் எழுகிறது, டிராவல் என்று விசில். அடுத்த முறை ரிங்குக்கு முன்னால் தரையில் வரைந்த கட்டத்துக்குள் போய் நிற்கிறான், அங்கே நிற்க அனுமதித்த மூன்று விநாடி ஓடியதே தெரியாது. கோபத்தில் டிஃபென்ஸில் கையை விடுகிறான், ஃபவுல். மூன்று தப்பு, மூன்றுமே மனசு சம்பந்தப்பட்டவை அல்ல. கால் வைப்பு சம்பந்தப்பட்டவை.

பந்து வரும்போது சின்னதாகத் துள்ளி இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் இறங்கினால் எந்தக் காலையும் நிலைக்காலாக வைத்துக்கொள்ளலாம். பாதி டிராவல் இதிலேயே ஒழியும். முதல் மூன்று முறை பந்து வரும்போது ஷாட்டே வேண்டாம்: பிடி, பாஸ் கொடு, ரிங்கை நோக்கி வெட்டி ஓடு. நாலாவது முறை போடும் முதல் ஷாட் இரண்டு மீட்டருக்குள்ளிருந்து இருக்கட்டும், முடிந்தால் லே-அப். முதல் ஷாட்டே தூரத்திலிருந்து போட்டு அது பின் ரிங்கில் அடித்தால் அடுத்த பத்து நிமிடமும் கை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். டிஃபென்ஸில் ஒரு கை தூரம் விட்டு, உள்ளங்கை மேலே பார்க்க நிற்க வேண்டும். கையை மேலிருந்து கீழே வெட்டினால் பந்தை மட்டும் தொட்டிருந்தாலும் ரெஃப்ரி கண்ணுக்கு அது அடிதான். முதல் குவார்ட்டரிலேயே இரண்டு ஃபவுல் வாங்கினால் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான், ஐந்தில் ஆள் வெளியே.

இந்த நேரத்தில் அணியில் ஒரு மூத்த பையன் பக்கத்தில் இருப்பது பெரிய பலம். த்ரோ-இன்னுக்கு நிற்கும் அந்த நாலு விநாடியில் நடக்கும் பேச்சு இவ்வளவுதான்:

"அண்ணா, கை ஜில்லுனு இருக்குண்ணா."

"எனக்கும்தான்டா. ஜெர்ஸில துடச்சுக்க. பந்து வந்தா எனக்குத் திருப்பிக் குடுத்துட்டு உள்ள ஓடு, அது போதும்."

கையைத் துடை, திருப்பிக் கொடு, ஓடு. அந்த நேரத்தில் காது இவ்வளவைத்தான் வாங்கும். இதே இடத்தில் பெஞ்சிலிருந்து மாஸ்டர் "பாக்ஸ் அவுட் பண்ணு, லெஃப்ட்ல போகாத, ஸ்கிரீனப் பாரு, பேசு பேசு" என்று நாலு கட்டளை போட்டால் ஒன்றுகூட உள்ளே இறங்காது. டைம் அவுட் ஒரு நிமிடம். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. அதில் முதல் இருபது விநாடி தண்ணீரும் மூச்சும், பிறகு ஒரே ஒரு வேலை சொல்லி அனுப்ப வேண்டும்.

லீக்கில் இல்லாத ஒன்று நாக்-அவுட்டில் கட்டாயம் வரும்: எதிர் அணி உங்களை ஏற்கெனவே பார்த்திருக்கும். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வராது என்று தெரிந்தால் வலது பக்கத்தை அடைத்துவிடுவார்கள். புதுப் பையன் பந்து கொண்டுவருகிறான் என்றால் ஃபுல் கோர்ட் பிரஸ் போடுவார்கள், அதாவது கோர்ட் முழுக்க நெருக்கிப் பிடிப்பார்கள். பின் கோர்ட்டிலிருந்து பந்தை முன்னே கொண்டுபோக 8 விநாடிதான். அதை எண்ணிக்கொண்டே அவன் செய்யும் தவறு, பந்து வாங்கியவுடன் தலையைக் குனிந்து சைடு லைன் ஓரமாகத் தட்டிக்கொண்டு ஓடுவது. கோடே மூன்றாவது டிஃபென்டர், மூலையில் மாட்டிக்கொள்வான். வாங்கியதும் திரும்பி முன்னே பார்த்து ஒரு மூச்சு நிற்க வேண்டும். நடுவில் ஒருவன் கை தூக்கி நிற்பான், அவனுக்கு மார்புயரப் பாஸ். த்ரோ-இன் போட்டவன் உடனே கோர்ட்டுக்குள் கால் வைத்துத் திரும்பப் பாஸ் வாங்க நிற்க வேண்டும், இதை மறப்பவர்கள்தான் அதிகம். எதிர் அணி கூடை போட்ட பிறகு என்ட் லைனுக்குப் பின்னால் பந்தோடு நகர்ந்து ஓடலாம் என்ற விதியும் பல பள்ளிப் பையன்களுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் வேர்விட்டு நின்று 5 விநாடியைத் தொலைப்பார்கள்.

பெஞ்சில் இருப்பவன் பாடு தனி. மூன்றாவது குவார்ட்டரில் திடீரென்று "போடா உள்ள" என்றால் அவன் உடம்பு ஆறிப்போயிருக்கும். மூன்று நாலு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பெஞ்சுக்குப் பின்னால் முட்டியைத் தூக்கிக் குதிக்க வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் முட்டி மேல் துண்டு. உட்கார்ந்திருக்கும்போது ஸ்கோரை மட்டும் பார்க்காமல், தான் யாரைப் பிடிக்கப் போகிறோமோ அவன் எந்தக் கையில் போகிறான், எங்கே நின்று போடுகிறான் என்று பார்த்தால் உள்ளே போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஃப்ரீ த்ரோ லைனில்தான் முதல் நாக்-அவுட் ஆடும் பையனைக் கூட்டம் முழுவதும் தனியாகப் பார்க்கும். போர்டிலிருந்து 4.6 மீட்டர். ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர், பந்து சுமார் 24. கிட்டத்தட்ட இரண்டு பந்து பக்கம் பக்கமாக நுழையும் அளவு. அமைதியான காலையில் 20-க்கு 15 போடுகிறவன் இங்கே இரண்டையும் விடுவான். காரணம் எளிது: அமைதியான காலையில் அவன் ஓடிவிட்டு வந்து போடவில்லை. மேட்சில் ஃப்ரீ த்ரோ எப்போதும் மூச்சிரைக்கும்போதுதான் வரும்.

ரெஃப்ரி பந்தைக் கையில் கொடுத்ததிலிருந்து 5 விநாடி. நிறையப் பையன்கள் இரண்டாவது விநாடியிலேயே வீசிவிடுகிறார்கள், சனியன் தொலைந்தால் போதும் என்பதுபோல. பந்து கைக்கு வருவதற்கு முன்பே லைனுக்குப் பின்னால் நின்று இரண்டு முறை வாயால் நீளமாக மூச்சை விட வேண்டும், அந்த நேரத்துக்குக் கணக்கில்லை. பிறகு காலை வைத்து, பந்தை வாங்கி, மூன்று முறை தட்டி, மூச்சை விட்டு முடித்த இடத்தில் முட்டியை மடக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு போட்டால் தோள் இறுகும், பந்து தட்டையாகப் போகும். முதல் பந்து முன் ரிங்கில் பட்டால் இரண்டாவதுக்கு முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்கு. பின் ரிங்கில் பட்டால் இன்னொரு மூச்சு விட்டுவிட்டு அதே முட்டி. இரண்டிலும் கையை மாற்றாதே. கோட்டில் நிற்கும்போது இதைத் தவிர வேறு யோசனைக்கு வேலையில்லை.

இதைப் பழக ஒரு வழி: முழுக் கோர்ட்டையும் போய்த் திரும்பி ஓடு, அது 56 மீட்டர். உடனே இரண்டு ஃப்ரீ த்ரோ. இப்படிப் பத்து முறை. ஓடாமல் போட்ட 20-ஐயும், ஓடிவிட்டுப் போட்ட 20-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. முன்னதில் 15, பின்னதில் 9 விழுந்தால், அந்த இடைவெளிதான் மேட்சில் காணாமல் போகும் பாயிண்ட். வாரத்துக்கு மூன்று நாள் செய்தால் இடைவெளி சுருங்குவது எண்ணிலேயே தெரியும்.

அனுபவசாலிக்கும் இங்கே வழுக்கும். 1995 என்.பி.ஏ. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஆர்லாண்டோ 3 பாயிண்ட் முன்னணி, கடைசி விநாடிகள். அந்த அணியின் நிக் ஆண்டர்சன் இரண்டு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டு, ரீபவுண்டையும் (தவறித் திரும்பும் பந்து) அவரே எடுத்து, மறுபடி ஃபவுல் வாங்கி, அடுத்த இரண்டையும் தவறவிட்டார். ஹூஸ்டன் சமன் செய்து ஓவர்டைமில் 120-118 என ஜெயித்தது. நாலில் ஒன்று விழுந்திருந்தால் போதும். முதல் ஜோடிக்கும் இரண்டாவது ஜோடிக்கும் நடுவில் இருந்தது ஒரு ரீபவுண்ட் தாவல் மட்டுமே. அங்கேதான் கோட்டிலிருந்து ஓரடி பின்னால் வந்து மூச்சை விடும் பழக்கத்துக்கு விலை.

கடைசி இரண்டு நிமிடத்தில் சில விதிகளைப் பையன் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கூடை விழுந்தால் கடிகாரம் நிற்கும். ஒரு குவார்ட்டரில் அணிக்கு நாலு ஃபவுல் ஆகிவிட்டால் ஐந்தாவதிலிருந்து டிஃபென்ஸ் ஃபவுலுக்கெல்லாம் எதிரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஃபவுல் போடும் முன் மேஜையைப் பார், அணி ஃபவுல் எத்தனை என்று அங்கே காட்டுவார்கள். நம் ஷாட் ரிங்கில் பட்டுத் திரும்பி, நம் அணியே ரீபவுண்ட் எடுத்து மறுபடி போடும்போது ஷாட்டுக்குக் கிடைப்பது 24 அல்ல, 14 விநாடிதான். சின்னப் போட்டிகளில் இதை எண்ணும் ஷாட் கிளாக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்காது, யாராவது ஒருவன் பெஞ்சிலிருந்து எண்ணிக் கத்த வேண்டும். விசில் பிடிக்கவில்லையென்றாலும் கேப்டன் மட்டும் பேசட்டும். புதுப் பையன் கையை விரித்து முணுமுணுத்து வாங்கும் டெக்னிக்கல் ஃபவுல், எதிரிக்கு சும்மா கொடுக்கும் ஒரு ஃப்ரீ த்ரோ.

அப்போது அவன் ஷாட் முன் ரிங்கில் தட்டத் தொடங்கியிருந்தால், கை இரண்டும் முட்டி மேல் ஊன்றி டவுசரைப் பிடித்துக்கொண்டு நின்றால், கால் போய்விட்டது என்று அர்த்தம். அவனை உட்காரவைக்க ஆள் இல்லையென்றால் ஒரு அடி உள்ளே வந்து போடச் சொல்ல வேண்டும், அல்லது போர்டில் அடிக்கச் சொல்ல வேண்டும், அல்லது டிரைவ் பண்ணி ஃபவுல் வாங்கச் சொல்ல வேண்டும். "பந்து வந்தா போடாத" என்று மட்டும் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்ன பையன் அடுத்த மேட்சிலும் பந்து வராத மூலையாகப் பார்த்து நிற்பான், அதைத் திருத்த ஒரு சீசன் ஆகும்.

தோற்றுத் திரும்பும் வேனில் அலசல் வேண்டாம். அப்பா பைக்கில் கூட்டிப்போனாலும் அதேதான். "ஏன்டா அந்த ஃப்ரீ த்ரோவ விட்ட" என்று அஸ்தம்பட்டி ரவுண்டானா வருவதற்குள் கேட்டுவிடுகிற அப்பாக்கள் அதிகம். முதலில் தண்ணீர், சாப்பாடு, தூக்கம். மறுநாள் ஓட்டம் இல்லை, நடை மட்டும்.

மேஜையில் எழுதும் ஸ்கோர் ஷீட்டில் விழுந்த பாயிண்ட்டும் ஃபவுலும்தான் இருக்கும், விழாத ஷாட் எங்கே பட்டது என்று அதில் இருக்காது. அதற்குத்தான் அந்த அட்டை. பெஞ்சில் இருக்கும் ஒருவனிடம் கொடுத்து ஒவ்வொரு குவார்ட்டருக்கும் நாலு கட்டம் போட்டுவைத்தால் போதும்: நீளம், குட்டை, பக்கவாட்டு, பந்து பறிபோனது. மேட்ச் நடக்கும்போது யாரும் அதைப் பையனுக்குக் காட்டக் கூடாது. மூன்றாம் நாள் பயிற்சிக்கு வரும்போது அவன் கையில் கொடுத்தால், முதல் குவார்ட்டரில் நீளம் 3, குட்டை 0 என்றும், நாலாவதில் நீளம் 0, குட்டை 4 என்றும் இருப்பதை அவனே படித்துக்கொள்வான். பெரும்பாலும் யாரும் சொல்லாமலேயே பந்தைக் கீழே வைத்துவிட்டு அந்த 56 மீட்டரை ஓடப் போவான்.